அருவருப்பின்மை: நோயுற்ற துணைவரைப் பேணும் அறம்



நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் குழந்தைகள் வரிசை பிறழாமல் ஒப்புவிப்பார்கள். அவற்றுள் மூன்றாவது அருவருப்பின்மை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய நானும் அதனைப் பிறர்க்குப் பலமுறை விளக்கியதுண்டு. ஆயினும், என் கணவர் மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றுக் கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் இல்லத்திற்குத் திரும்பிய பின்னரே அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. அதனை ஒரு பாடமாக வகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தாயண மன்னன்

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனைக் குறிக்கிறார். கதை நாம் அறிந்ததே. மன்னனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், நோயால் அழுகிய உடலையுடைய முனிவராக வந்து உணவேற்று, அதனை மன்னன் மீதே உமிழ்ந்தான். நாற்றம் தாளாது சூழ நின்றோர் விலகினர். மன்னனோ தான் அளித்த உணவு ஒவ்வாது போயிற்றோ என்று தன்னையே நொந்துகொண்டு, அவர் உடலைக் கழுவித் தூய்மை செய்தான். நோயாளி நாணும்படியான ஒரு சொல்லோ, ஒரு பார்வையோ அவனிடமிருந்து வரவில்லை. இப்பாடத்தின் உயிர்நிலை அதுவே.

மருத்துவமனையில் கற்றது

மலக்குடலின் அடிப்பகுதியில் உள்ள கட்டியை அகற்றுகையில் சிலர்க்கு ஆசனவாயையும் எடுத்துவிட நேர்கிறது. அப்போது பெருங்குடலின் நுனியை வயிற்றின் முன்புறத்தில் வெளியே கொணர்ந்து தைத்துவிடுவர். அதற்கு ஸ்டோமா என்று பெயர். மலம் அதன் வழியே வந்து, மேலே ஒட்டப்பட்ட பையில் சேரும். இத்தகையோர்க்கு இது வாழ்நாள் முழுவதும் நிலைப்பது.

சென்னையில், வார்டில் இருந்த செவிலியர் முதன்முறை பையை மாற்றிக் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நொடிதான். அவர் அதனைக் கண்டுவிட்டார். அன்று மாலை வரை என்னிடம் பேசவில்லை, உணவும் கொள்ளவில்லை. உண்டால்தானே பை நிறையும் என்று அவர் எண்ணியதைப் பின்னரே அறிந்தேன்.

அடுத்த கட்டிலில் இருந்தவர்க்கும் அதே அறுவை. அவர் கல்வராயன் மலையிலிருந்து வந்தவர். எழுத்தறியாத அவர் மனைவி, ஊரில் பெய்த மழையைப் பற்றிக் கணவரிடம் பேசிக்கொண்டே பையைக் காலி செய்து கழுவினார். என் தயக்கத்தைக் கண்டு, "புள்ளைக்குக் கழுவின கைதானே டீச்சரம்மா, இதுக்கு மட்டும் என்ன?" என்றார். ஆசிரியர்களுக்கே பாடம் சொன்ன எனக்கு அன்று அவரே ஆசிரியை.

இல்லத்தில் செய்யத்தக்கன

1. ஸ்டோமா சிவந்து ஈரமாக இருப்பதே இயல்பு. அதனைத் தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது கருத்தாலோ, கருநீலமானாலோ உடனே மருத்துவரை நாடுக.

2. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்க. நிறையவிட்டால் கனத்தால் கழன்று கசியும். சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி நன்கு உலர்த்துக. எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. முதல் ஆறு, எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்குமாதலால், ஒவ்வொரு முறையும் அளந்து துளையை வெட்டுக. காலையில் உண்ணுமுன் மாற்றுவது எளிது. நம் பகுதிக் கோடையில் வியர்வையால் பை விரைவில் கழலும். மாற்றுப் பைகளை வெயில் படாத இடத்தில் வைக்க.

3. இருமும்போது சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் செய்க. மருத்துவர் இசைவு தரும் வரை நீர்க்குடம் முதலிய பாரம் எதையும் தூக்கவிடலாகாது. ஸ்டோமாவின் அருகே குடல் பிதுங்க இடமுண்டு. எனினும் நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்கச் செய்க. கால் நரம்புகளில் இரத்தம் உறைவதை நடை தடுக்கும்.

4. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டுதல், காயத்தில் சீழ், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், பையில் ஒன்றும் சேராமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் எது காணினும் காலம் தாழ்த்தலாகாது.

உணவும் விரதமும்

அறுவை முடிந்த ஆறாம் வாரத்தில் தசலக்ஷண பருவம் வந்தது. உபவாசம் இருக்கப்போவதாக அவர் கூறினார். மருத்துவரோ காயம் ஆறப் புரதம் வேண்டும், பட்டினி கூடாது என்றார். பக்தியால் கேட்கிறார் என்றே முதலில் எண்ணினேன். பின்னர் உணர்ந்தேன்: அந்த உபவாசத்தில் பாதி தவம், பாதி நாணம். உண்ணாதிருந்தால் நான் பையைத் தொட வேண்டியதில்லை அல்லவா?

அன்று முதல் வாதம் செய்வதை விட்டேன். அந்த மலைப்பெண்ணைப் போலப் பேசிக்கொண்டே பை மாற்றக் கற்றேன். உண்ணும் அளவு தானே கூடிற்று. நம் நெறிக்கும் இடையூறு நேரவில்லை. பொழுது சாயுமுன் ஐந்து, ஆறு முறை சிறுகச் சிறுக உணவளித்தேன். குழைந்த சோற்றுடன் பாசிப்பருப்பு, தயிர், பால், பனீர் போதிய புரதம் தந்தன. வடிகட்டிக் காய்ச்சிய நீர் நம் வழக்கமும் மருத்துவர் அறிவுரையும் ஆயிற்று. இரவு மாத்திரைகளின் நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்டறிக, நாமே மாற்றலாகாது.

துணை நிற்போர்

பேணுபவரும் உண்டு உறங்க வேண்டும். உதவி கேட்பது இழிவன்று. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தோன்றியதற்குப் பின்னே, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரம் உண்டு. ஒரு வீட்டின் வேதனை பல வீடுகளுக்கு நிழலாயிற்று. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமான பின் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவமும் வலி தணிக்கும் பராமரிப்பும் சேர்க்கப்பட்டன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பயன்பெறுக.

நிறைவாக

தத்துவார்த்த சூத்திரம் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்துள்ளது. அங்கே சொல்லப்படுவது துறவியர்க்குச் செய்யும் தொண்டு. அப்பண்பை இல்லறத்தார் பழகும் இடம் வீடே.

சில மாதங்கள் கழித்துத் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசிக்க அழைத்தேன். "இந்தப் பையோடு நான் வரலாமா?" என்று கேட்டார். உடம்பு எல்லார்க்கும் இயல்பிலேயே தூய்மையற்றது, அதனைத் தூயதாக்குவது மும்மணியே என்று நம் ஆசாரியர் கூறியதை நினைவூட்டினேன். "எல்லாரும் உள்ளே சுமப்பதைத்தான் நீங்கள் வெளியே சுமக்கிறீர்கள்" என்றேன். அன்று காலை அவரே முதன்முறையாகத் தம் கையால் பையை மாற்றி, நீராடி, வெள்ளாடை உடுத்துப் புறப்பட்டார். குன்றின் படிகளில் நின்று நின்று ஏறினோம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நோயாளி உணவை மறுக்கும்போது, அதற்குப் பசியின்மையன்றி வேறு காரணமும் இருக்கலாமா?
2. உத்தாயண மன்னன் முனிவரின் உடலோடு வேறு எதனைக் காத்தான்?
3. நம் இல்லத்தில் நோயுற்றவர் முன் நம் முகம் என்ன பேசுகிறது?

அறம் வளர்க!