ஆரி ப்ளவுஸுக்கு விலை சொல்லும் முன்...

போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி வேணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டவுடன் வாயில் வந்த தொகையைச் சொல்லிவிடாதே, தங்கச்சி. கழுத்து மட்டுமா, கையும் உண்டா, முதுகில் டிசைன் எவ்வளவு இறங்குகிறது, சங்கிலித் தையலா, சர்தோசியா என்று கேட்டுக்கொள். "சாயங்காலம் சொல்றேன்க்கா" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்குள் கணக்குப் போடு. கல், மணி, ஜரிகைக்கு 500 ரூபாய் என்றால் சிந்துவது, உடைவதற்கு 50 சேர். ட்ரேஸிங், ஊசி, கரண்டுக்கு 100. லைனிங்கோடு தையல் 350. அடுத்தது உன் நேரம். நம் பெண்கள் இதைத்தான் எழுதுவதே இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம். நூறு நாள் வேலைக்கே 2025-26இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். கண்ணும் கழுத்தும் நோக ஸ்டாண்டு முன்னால் குனிந்து போடும் வேலைக்கு அதைவிடக் குறைவாக வாங்கலாமா? மணிக்கு 60 என்று வை. 18 மணி நேரத்துக்கு 1,080. எல்லாம் சேர்த்து 2,080. நூற்றுக்குப் பதினைந்து லாபம் வைத்தால் 2,392 வரும். 2,400 என்று சொல்.

நேரம் தெரியவில்லையா? அந்த டிசைனில் ஒரு பூவைப் போட்டுப் பார். பிடித்த நிமிடத்தை மொத்தப் பூக்களால் பெருக்கு.

"திருச்சியில இதைவிடக் கம்மி" என்பார்கள். மெஷின் எம்பிராய்டரியாக இருக்கலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. அப்படியும் பேரம் பேசினால் கூலியைக் குறைக்காதே, வேலையைக் குறை: "கையில பார்டர் மட்டும் போடட்டுமா, 1,800க்கு முடிச்சிடலாம்." அத்தை, சித்தி வீட்டு ஆர்டர் என்றால் லாபத்தை விட்டுக்கொடு, அதோடு நிறுத்து.

பாதிப் பணம் வந்த பிறகே துணியில் ட்ரேஸ் போடு. ஆவணி, தை முகூர்த்த நேரத்தில் நாலு நாளில் கேட்டால், ராத்திரி உட்காரும் கூலியைத் தனி வரியாக எழுதிச் சொல். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அதனால் பில்லில் வரி போடாதே.

விலை, டிசைன், கொடுக்கும் தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் "சரி" என்று போட்ட பிறகு ஊசியை எடு. துணி வாங்கும்போதே கறை, கிழிசல் இருக்கிறதா என்று அவர்கள் முன்னால் விரித்துப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வை.