மூக்குக் கண்ணாடி போட்ட வேட்டைக்காரருக்கு எந்த ஸ்கோப்?

அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளில் டால் செம்மறிக் கடாவைச் சுடுவதற்கு முன் மூன்றில் ஒன்று உறுதியாக வேண்டும். கொம்பு முழுச் சுற்று வளைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கொம்பு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கடாவுக்குக் குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். வயதைச் சொல்வது, ஆண்டுக்கு ஒன்றாகக் கொம்பில் விழும் வளையக் கோடுகள். எதிர்ச் சரிவில் படுத்து அசைபோடும் வெள்ளைக் கடாவின் கொம்பில் அந்தக் கோடுகளை எண்ணி முடித்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். எண்ணிக்கை தவறினால் இளங்கடா ஒன்று வீணாகச் சாகும். சுட்டவர் மீது வழக்கும் வரும், கொம்பும் பறிபோகும்.

எண்ண உதவுவது ஸ்பாட்டிங் ஸ்கோப். ட்ரைபாடில் பொருத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கி அது. மலையைத் துழாவுவதற்குப் பத்து மடங்கு பைனாகுலர் போதும். கண்டது என்ன என்று தீர்மானிக்க ஸ்கோப் வேண்டும். கூடாரம், உணவு, துப்பாக்கி எல்லாம் முதுகில் ஏறிய பிறகு இதுவும் ஏற வேண்டும் என்பதால் மலை வேட்டைக்காரர்கள் இலேசான ஸ்கோப்பையே தேடுகிறார்கள். கண்ணாடி போட்டவர்களும் அதே போல எடையையும் உருப்பெருக்கத்தையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மலைமேல் கண்ணை வைத்தால் நடுவில் சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, சுற்றிலும் ஒரே இருட்டு. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டரைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம்.

முதலில் கண் டாக்டரின் சீட்டு

கடைக்குப் போகும் முன் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் எஸ்.பி.எச். என்ற கட்டத்தில் இருப்பது கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ கொடுத்த பவர். சி.ஒய்.எல். என்ற கட்டத்தில் இருப்பது சிலிண்டர் பவர். விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாதவர்களுக்கு உரியது.

முதல் கட்டத்தில் மட்டும் எண் இருந்தால் கவலை குறைவு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பின் ஃபோகஸைத் திருப்பினாலே படம் தெளிந்துவிடும். மைனஸ் 6, 7 என்று பவர் ஏறியவர்கள் மட்டும், வெகுதொலைவில் உள்ள மலைமுகட்டைப் பார்க்கும்போது ஃபோகஸ் திருகு அவர்கள் கண்ணுக்குத் தேவையான அளவு திரும்புகிறதா, அல்லது பாதியில் முட்டி நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

சிலிண்டர் பவரை எந்த ஃபோகஸ் திருகாலும் சரிசெய்ய முடியாது. 0.5, 0.75 என்ற அளவில் இருந்தால் உயர்ந்த உருப்பெருக்கத்தில் பெரிதாக உறுத்தாது; அப்போது ஸ்கோப்பிலிருந்து வரும் ஒளிக்கற்றை மிக மெல்லியதாகி, விழியின் நடுப்பகுதி வழியாக மட்டுமே உள்ளே போகிறது. 1.5, 2 என்று இருந்தால் கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கழற்ற முடிந்தவர்களும்கூட, கழற்றாமல் பார்க்க வசதியான ஸ்கோப்பையே வாங்குவது நல்லது. வேட்டையில் வெறுங்கண், பைனாகுலர், ஸ்கோப் என்று பார்வை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றிப் பாறைமேல் வைத்தால், கடா எழுந்து நடக்கும் நேரத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். கான்டாக்ட் லென்ஸ் ஒரு வழிதான். ஆனால் கை கழுவ நல்ல தண்ணீர் இல்லாத கூடாரத்தில் ஒரு வாரம் அதைப் போட்டுக் கழற்றுவது கண்ணுக்கு ஆபத்து.

ஐ ரிலீஃப் என்ற எண்

ஸ்கோப்பின் விவரப் பட்டியலில் கண்ணாடிக்காரர் முதலில் தேட வேண்டியது ஐ ரிலீஃப். கண்ணருகே உள்ள கடைசி லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் படம் முழுவதும் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது. மில்லிமீட்டரில் இருக்கும்.

எவ்வளவு வேண்டும்? விழியின் முன்பக்கத்துக்கும் மூக்குக் கண்ணாடியின் உள்பக்கத்துக்கும் பொதுவாக 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருக்கும். லென்ஸின் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஒளி போய்ச் சேர வேண்டிய கண்மணி விழிப்பரப்புக்கு இன்னும் ஏறத்தாழ 3 மி.மீ. உள்ளே இருக்கிறது. கூட்டினால் 17, 18 வந்துவிடும். 15 மி.மீ. இருந்தால் சமாளிக்கலாம், ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். அதற்குக் கீழே போனால் கண்ணாடிக்காரருக்கு அந்த ஸ்கோப் சரிப்படாது, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பட்டியல் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பல நிறுவனங்கள் கடைசி லென்ஸின் பரப்பிலிருந்து அளந்து சொல்கின்றன. அந்த லென்ஸோ ரப்பர் விளிம்புக்கு உள்ளே சில மில்லிமீட்டர் பதிந்திருக்கும். கண்ணாடி முட்டுவது விளிம்பில்தான். அச்சிட்ட 18 மி.மீ. கையில் 14 ஆகிவிடுவது இதனால்தான். ஜூம் ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட இந்த அளவு மாறுவதும் உண்டு. பட்டியலில் இரண்டு எண் கொடுத்திருந்தால் சின்ன எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும்.

உண்மையான அளவைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் போதும். கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். ஸ்கோப்பைச் சூரியன் இல்லாத பக்கத்து வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்ப வேண்டும் (சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும்). கண் வைக்கும் பக்கத்தில், நிழலில், வெள்ளைத் தாளைப் பிடித்தால் அதில் ஒரு ஒளிப்பொட்டு விழும். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் அந்தப் பொட்டு மிகச் சிறியதாகி, விளிம்பு கூர்மையாகத் தெரியும். ரப்பர் விளிம்பிலிருந்து அந்தத் தாள் வரை உள்ள தூரம்தான் கண்ணாடிக்காரருக்கு மெய்யாகவே கிடைக்கும் ஐ ரிலீஃப். இதைக் குறைந்த ஜூமிலும் அதிக ஜூமிலும் அளந்து பார்க்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது

வேட்டைக்குப் போடும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஸ்கோப்பில் கண் வைத்ததும் படத்தைப் பார்க்க வேண்டாம். படத்தைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஓரம் சுற்றிலும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிந்தால் முழுப் பார்வைப் பரப்பும் கிடைக்கிறது என்று அர்த்தம். தலையை இப்படி அப்படி அசைத்தால்தான் ஓரம் தெரிகிறது என்றால் ஐ ரிலீஃப் போதவில்லை. குறைந்த ஜூம், நடு ஜூம், உச்ச ஜூம் மூன்றிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

ரப்பர் வளையம் திருகி இறங்குவதா, மடிப்பதா என்றும் பார்க்க வேண்டும். திருகி இறங்குவது உழைக்கும். மடித்த ரப்பர் குளிரில் விறைத்து வெடிக்கும். இறக்கிய நிலையில் உலோக விளிம்பு கண்ணாடியில் படக் கூடாது. பிளாஸ்டிக் லென்ஸில் ஒரு மணல்துகள் போதும், கீறல் விழுந்துவிடும்.

ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தூரத்தைப் பார்க்கும் பவர் அந்த லென்ஸின் மேல்பகுதியில் இருக்கிறது, கீழ்ப்பகுதி படிப்பதற்கு. கண் வைக்கும் பகுதியான ஐபீஸ் மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்கோப்பில் குனிந்து பார்க்கும்போது கண் தானாகவே கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தொடங்கும், படம் மங்கும். தலையையே நன்றாகக் குனிந்து, நெற்றியை முன்னே கொண்டுவந்து பார்த்தால் சரியாகும். நாள் முழுக்க அப்படிக் குனிந்திருக்க முடியாது என்று தோன்றினால், தூரத்துக்கு மட்டும் பவர் போட்ட ஒரு ஜோடிக் கண்ணாடியை வேட்டைக்கென்று செய்துகொள்ளலாம். அந்தச் செலவு, விலையுயர்ந்த ஸ்கோப்புக்கு மாறுவதைவிடப் பலமடங்கு குறைவு.

நேரான ஸ்கோப்பா, சாய்ந்ததா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. நேரானதில் விலங்கைச் சட்டென்று பிடிக்கலாம், கார் ஜன்னலிலும் வைக்கலாம். சாய்ந்ததில் மேல்நோக்கிப் பார்ப்பது எளிது; ட்ரைபாடை உயர்த்த வேண்டாம், அதனால் ஆட்டமும் குறைவு.

எடையும் வெளிச்சமும்

ஸ்கோப்பின் பெயரில் இரண்டு எண் வரும். 12-40x60 என்றால் 12 முதல் 40 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 60 மி.மீ. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 60ஐ 40ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. இது ஒன்றுக்கு நெருங்கினால் படம் மங்கும், கண்ணில் மிதக்கும் துகள்களும் குறுக்கே வரும். 50 மி.மீ. ஸ்கோப்பில் 60 மடங்கு என்று விளம்பரம் செய்தால் அந்த எண்ணால் பயனில்லை.

80 மி.மீ. முன்லென்ஸ், 50 மி.மீ. லென்ஸைப் போல இரண்டரை மடங்கு ஒளியை வாங்கும். விடியலிலும் அந்தியிலும் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் பல 80 மி.மீ. ஸ்கோப்புகள் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. நண்பகலில் வெயில் ஏறிப் பாறையிலிருந்து கானல் அலையத் தொடங்கினால் 30 மடங்குக்கு மேல் எந்த ஸ்கோப்பும் பயன்படாது, அது எத்தனை பெரியதானாலும். பல நாள் நடந்து வேட்டையாடுபவருக்கு 50 முதல் 65 மி.மீ. வரையிலான ஸ்கோப்பே பொருத்தம்.

இந்த அளவில் கண்ணாடிக்காரருக்கு ஏற்றவை எவை? லூப்போல்ட் நிறுவனத்தின் கோல்ட் ரிங் 12-40x60 ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளது. சுமார் 30 மி.மீ. ஐ ரிலீஃப் கொண்டது. இந்த வகையில் அவ்வளவு தாராளமாக இடம் விடும் ஸ்கோப்புகள் அபூர்வம். ஸ்வரோவ்ஸ்கியின் ஏ.டி.சி. 17-40x56, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. படம் பிரமாதம், விலையும் அப்படியே. கோவாவின் டி.எஸ்.என்.-501, 400 கிராம்தான். ஆனால் இவ்வளவு சிறிய ஸ்கோப்புகளில் முதலில் குறுகுவது ஐ ரிலீஃப்தான். தாள் சோதனை செய்யாமல் வாங்கவே கூடாது. நிக்கானின் இ.டி.50 போல ஐபீஸை மாற்றக்கூடிய பழைய ஸ்கோப் கிடைத்தால், ஜூமை விட்டுவிட்டு ஒரே உருப்பெருக்கம் கொண்ட அகலப்பார்வை ஐபீஸைப் போடலாம். அவை பொதுவாகக் கண்ணாடிக்காரருக்குக் கூடுதல் இடம் கொடுக்கும்.

ஸ்கோப்பில் 300 கிராம் மிச்சம் பிடித்துவிட்டுக் கனமான ட்ரைபாடைத் தூக்கிப் போவதில் அர்த்தம் இல்லை. ஸ்கோப், ட்ரைபாட், அதன் தலை மூன்றையும் சேர்த்தே எடை போட வேண்டும். இலேசான கார்பன் ட்ரைபாட் காற்றில் ஆடும். கால்களைக் குறைவாக நீட்டி, நடுத்தண்டை உயர்த்தாமல், உட்கார்ந்து பார்த்து, பையை நடுவில் தொங்கவிட்டால் 40 மடங்கிலும் கொம்பு வளையம் நிலையாக நிற்கும்.

மலையில்

ஐ ரிலீஃப் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைகிறது என்றால் ஸ்கோப்பை மாற்றும் முன் கண்ணாடிக் கடைக்குப் போகலாம். மூக்குப் பட்டைகளைச் சற்று விரித்துச் சரிசெய்தால் லென்ஸ் கண்ணை நெருங்கி வரும். அவ்வளவே போதுமானதாக இருக்கலாம். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் விடியலுக்கு முன் தெளிவாகத்தான் இருக்கும், பகலில் படத்தை இருட்டாக்கும். பக்கவாட்டு வெளிச்சம் கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டுப் பளபளத்தால் ஜாக்கெட்டின் தலைமூடியை முன்னே இழுத்துவிட்டால் அடங்கும். வியர்த்து ஏறி வந்தவுடன் கண் வைத்தால் கண்ணாடியும் ஐபீஸும் ஒன்றாகப் பனிக்கும். சில நிமிடம் ஆறிய பிறகு பார்க்க வேண்டும், மூச்சை வாய்வழியே கீழ்நோக்கி விட வேண்டும். ஃபோன் அடாப்டர் ஒன்றை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டால் கொம்பு வளையங்களைத் திரையில் பெரிதாக்கி இருவராக எண்ணலாம். சந்தேகம் இருந்தால் சுடாமல் விட அது உதவும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இங்கே இதே ஸ்கோப்பைச் சுமப்பவர்கள் பறவை பார்ப்பவர்கள். கோடியக்கரைச் சேற்றுப் பரப்பில் நிற்கும் உள்ளானின் காலில் மாட்டிய வளையத்தை வாசிக்க முயல்பவருக்கும், அலாஸ்காவில் கொம்பு வளையத்தை எண்ணுபவருக்கும் தேவை ஒன்றே. மேலே சொன்ன ஒவ்வொரு சோதனையும் அவர்களுக்கும் பொருந்தும். கானலுக்கு மட்டும் இங்கே இன்னும் அதிகமாகத் தயாராக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி வந்த அன்றே தாள் சோதனையையும் கறுப்பு வளையச் சோதனையையும் உங்கள் கண்ணாடியோடு செய்து பாருங்கள். ஓரம் தெரியவில்லை என்றால், பழகிவிடும் என்று வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.