சங்க அலுவலகத்தில் மின்னஞ்சல் சர்வர்

நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, அதன் காரியதரிசி மிகுந்த வருத்தத்துடன் ஒரு செய்தியைக் கூறினார். வெளியூர் விடுதி ஒன்று போர்வைகளுக்கு விலை கேட்டிருந்தது. கெடு நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே சங்கம் விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியது. அது போய்ச் சேரவில்லை. ஆர்டர் வேறிடம் சென்றது. இருபது தறிகளுக்கு ஒரு மாத வேலை கைநழுவிற்று. அக்கடிதம் தங்கியிருந்த இடம் சங்க மேசைக்கடியிலிருந்த கணிப்பொறியே. சிக்கனம் கருதிச் சங்கம் கேபிள் இணைப்பில் தானே ஒரு மின்னஞ்சல் சர்வரை நடத்தி வந்தது. எண்ணம் நல்லது; அதன் இயல்பை அறியாமல் நடத்தியதே குறை. அவ்வியல்பை அன்பர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

சர்வர் செய்யும் வேலை யாது?

சர்வரை ஓர் அஞ்சல் நிலையமாகக் கருதலாம். ஒரு சர்வர் மற்றொன்றிடம் கடிதத்தை ஒப்படைக்கும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அமெரிக்க அறிஞர் ஜான் போஸ்டல் 1982-இல் இதன் விதிகளை வெளியிட்டார். இவ்வொப்படைப்பு 25 ஆம் எண் போர்ட் என்னும் வாயில் வழியாக நிகழ்கிறது. நம் பெயருக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரிடம் சேர்ப்பது என்பதை, டி.என்.எஸ். என்னும் பெயரேட்டிலுள்ள எம்.எக்ஸ். பதிவு தெரிவிக்கும்.

கேபிள் இணைப்பில் உள்ள தடைகள்

முதலாவது, சாதாரண இணைப்பின் ஐ.பி. எண் நிலையானதன்று. எண் மாறினால், பெயரேடு பழைய வாயிலையே காட்டிக்கொண்டிருக்கும். சில இணைப்புகளில் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிடுகின்றனர். நமக்கு அளிக்கப்பட்ட எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசையில் தொடங்குமாயின், வெளியிலிருந்து எவரும் நம் சர்வரை நேரே அடைய இயலாது.

இரண்டாவது, கிருமி புகுந்த வீட்டுக் கணிப்பொறிகள் குப்பைக் கடிதங்களை வாரியிறைத்தமையால், இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல 25 ஆம் வாயிலை அடைத்துவிட்டன.

மூன்றாவது, வாயில் திறந்திருப்பினும் பெறுவோர் நம்மை நம்புவதில்லை. ஸ்பாம்ஹாஸ் என்னும் அமைப்பு இத்தகைய எண்களைத் தனிப் பட்டியலில் வைத்துள்ளது. அதைக் கண்டு பல சர்வர்கள் கடிதத்தை மறுக்கின்றன. ஜிமெயிலோ, அனுப்புவோர் எவராயினும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்னும் சான்று வேண்டும் என்றும், எண்ணைக் கேட்டால் பெயர் சொல்லும் பதிவு வேண்டும் என்றும் 2024 பிப்ரவரி முதல் வற்புறுத்துகிறது. பின்னதை இணைப்புத் தரும் நிறுவனமே செய்து தர இயலும்.

நான்காவது, கேபிளில் இறங்கும் வேகத்தினும் ஏறும் வேகம் பெரும்பாலும் குறைவு. இணைப்புக் கோப்போ பயணத்தில் மூன்றிலொரு பங்கு பெருக்கும், 9 எம்.பி. சேலைப் படம் 12 எம்.பி. ஆகிவிடும்.

நாம் கண்ட சங்கத்தில் நேர்ந்தது இரண்டாவது தடை. வாயில் அடைபட்டதும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயன்றது. ஐந்தாம் நாளே “சேரவில்லை” என்று திருப்பித் தந்தது. அதற்குள் கெடு கடந்துவிட்டது. வரிசையைத் திறந்து பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செய்யத்தக்கவை

வரும் கடிதத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டுவதில்லை. நம் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும், அனுப்பியவர் சர்வர் பொறுத்திருந்து மீண்டும் கொணரும். இதற்கு நிலையான பொது எண் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெறுதல் வேண்டும். போகும் கடிதத்தையோ நாமே நேரில் அனுப்பாமல், நம்பிக்கை பெற்ற அஞ்சல் நிறுவனமொன்றின் வழியாக, 587 ஆம் வாயிலில், பெயரும் கடவுச்சொல்லும் காட்டி அனுப்புவதே முறை. அந்நிறுவனத்தின் பெயரை நம் எஸ்.பி.எஃப். பதிவில் சேர்த்தல் வேண்டும். அயலார் எவரும் நம் சர்வர் வழியே கடிதம் அனுப்ப இடந்தரலாகாது. கடிதங்களின் பிரதியை வாரந்தோறும் எடுத்து வேறு கட்டிடத்தில் வைத்தல் வேண்டும். நாட்குறிப்பேட்டில் ரொக்க இருப்பைச் சரிபார்ப்பதுபோலக் காலைதோறும் கடித வரிசையையும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடுதல் நன்று.

இவ்வளவையும் கவனிக்க ஆளில்லாத சங்கம், சர்வரைத் தானே நடத்தாமல் கட்டணச் சேவையை நாடுவதே சிக்கனம். அப்போதும் பெயர் மட்டும் சங்கத்துடையதாக இருத்தல் வேண்டும்.

இங்கே தணிக்கையில் நாம் கண்ட பெருங்குறையையும் கூறிவிடுகிறோம். அச்சங்கத்தின் இணையப் பெயர், கணிப்பொறியைப் பொருத்திய இளைஞரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது; அவரோ வேற்றூர் சென்றுவிட்டார். சங்கப் பணத்தில் வாங்கிய மனையைத் தனியார் பெயரில் பத்திரம் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? புதுப்பிக்கும் கட்டணம் தவறினால் அப்பெயரைப் பிறர் வாங்கிவிடலாம். ஆதலின் பெயரைச் சங்கத்தின் மீது மாற்றி, சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வைக்க நிர்வாகக் குழு தீர்மானித்தது.

அச்சங்கம் இப்போது பிற நிறுவனத்தின் வழியே கடிதம் அனுப்புகிறது; முக்கியமான விலைப்பட்டியலாயின், தொலைபேசியில் கூப்பிட்டு “வந்ததா?” என்றும் கேட்கிறது. கருவி எத்தகையதாயினும் அனுப்பியதோடு கடமை முடிவதில்லை என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்வார்களாக.