முதல் சாக்கெட்டின் பாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது, அதிலிருந்து லூப் எடுத்து இன்னும் மூன்று சாக்கெட் நானே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். போடத் தெரிந்துகொள்வது எளிது. ஒரகடத்தில் நீங்கள் ஐந்து பேர் இருக்கும் அந்த அறைக்கு அது பொருந்துமா என்பதுதான் என் கவலை.

சாக்கெட்டுகளைப் பக்க இணைப்பில்தான் கோர்ப்பார்கள். பேஸிலிருந்து பேஸுக்கு, நியூட்ரலிலிருந்து நியூட்ரலுக்கு, எர்த்திலிருந்து எர்த்துக்கு. அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். முன்னால் நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஸ்விட்ச் பேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் போட்டால் ஸ்விட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. லூப்பின் கடைசி சாக்கெட் தன் கரண்டை மட்டும் தாங்குகிறது. முதல் சாக்கெட்டின் திருகு முனையோ பின்னால் உள்ள எல்லாவற்றின் கரண்டையும் தாங்கியாக வேண்டும். கரண்ட் இரு மடங்கானால் ஒயரிலும் ஜாயிண்டிலும் சூடு நான்கு மடங்காகும். அந்தத் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கிவிடும்.

ஊரில் நம் வீட்டில் ஹீட்டர் காலையில் ஓடும், அயர்ன் பாக்ஸ் மத்தியானம் ஓடும். உங்கள் அறையில் அப்படி இல்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறீர்கள். 1500 வாட் ஹீட்டர் ராடும் 2000 வாட் இண்டக்ஷன் ஸ்டவ்வும் சேர்ந்தால் 3500 வாட். 230-ஆல் வகுத்துப் பார், 15 ஆம்பியரைத் தாண்டுகிறது. உன் சாக்கெட் 6 ஆம்பியர். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். கடையில் விற்கும் கன்வெர்ட்டர் பிளக்கை மாட்டினால் பெரிய பின் சின்னத் துளைக்குள் போய்விடும், ஆனால் ஒயர் தடிக்காது.

ஐ.எஸ். 732 என்ற இந்திய வயரிங் நெறிமுறை இதற்கு நெடுங்காலமாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. லைட், ஃபேன், 6 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் சேர்ந்த ஒரு சர்க்யூட்டில் பத்து பாயிண்ட், 800 வாட். பவர் சர்க்யூட்டில் இரண்டே பாயிண்ட், 3000 வாட். யூடியூபில் ஒரே வளையத்தில் பல சாக்கெட் போடும் இங்கிலாந்து முறையைப் பார்த்திருப்பாய். அங்கே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃப்யூஸ் இருக்கிறது, நம் பிளக்குகளில் அது கிடையாது.

ஆகவே செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன், லேப்டாப் இவற்றுக்கு லூப் போதும். ராடுக்கு ஒன்று, ஸ்டவ்வுக்கு ஒன்று என்று, கரண்ட் பிரிந்து போகும் டிபி பாக்ஸிலிருந்தே தனித்தனி லைன் வர வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், லோடு மீறினால் தானே விழும் தனி எம்சிபி, எர்த். சர்வீஸ் லைன் அந்த லோடைத் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வரவழைக்கச் சொல்லி ஓனரிடம் கேள். வாடகை கொடுக்கிறவர்கள் நீங்கள், கேட்கத் தயங்காதே.

எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று யாராவது 32 ஆம்பியர் மாட்டச் சொன்னால் சம்மதிக்காதே. அது விழுவதால்தான் ஒயர் எரியாமல் இருக்கிறது. ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது வேறு கருவி: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. டிபியில் அது இருக்கிறதா என்று பார். இருந்தால் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்து, உடனே விழ வேண்டும்.

வயர்மேன் பக்கத்தில் நின்று வேலை பழகு. பிளாண்டில் மெஷினைத் திறக்கும் முன் பூட்டுப் போட்டு டேக் மாட்டுவீர்களே, அறையிலும் அதே ஒழுங்கு வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் சோதித்துவிட்டு, மெயினை அணைத்து, யாரும் போடாதபடி ஆள் நிறுத்தி, போர்டில் கரண்ட் இல்லை என்று அதே டெஸ்டரால் பார்த்த பிறகு தொடுங்கள்.

புது லைன் வரும்வரை ராடை அந்தப் பாயிண்டில் போடவே வேண்டாம். அடுப்பில் தண்ணீர் வைத்து முறை போட்டுக் குளியுங்கள், ஸ்டவ்வையும் குறைந்த வாட்டிலேயே ஓட்டுங்கள். சாக்கெட் சூடானாலோ கருகிய வாடை வந்தாலோ அன்றே மெயினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அண்ணன்