தென்னையில் வெள்ளை ஈ

வீட்டுத் தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைப் படிவு. மேல்பக்கம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது. கீழே நிற்கும் கார் எல்லாம் பிசுபிசுப்பு. தோப்பே இல்லாத அடையாறுக்கு இது எப்படி வந்தது? மருந்து அடிக்கலாமா?
– வாசகி, அடையாறு

மருந்து வேண்டாம். மரம் பட்டுப்போகாது, கவலைப்படாதீர்கள்.

இது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் முதலில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. காற்றோடு பரவும், லாரியில் வரும் நாற்றிலும் ஓலையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். தோப்புதான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு வாழை, கொய்யா, சீத்தாவிலும் தங்கிப் பெருகும். அது கழிக்கும் தேன்போன்ற கழிவுதான் காரில் பிசுபிசுக்கிறது. அதன்மேல் வளரும் பூசணமே அந்தக் கறுப்பு.

என்கார்சியா என்ற நுண்குளவி இதன் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். பிறகு ஈ இன்னும் பெருகும். ஆகவே ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் ஈக்கள் வந்து ஒட்டும். கறுப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சியைத் தெளியுங்கள். காய்ந்ததும் பூசணம் செதிலாக உதிரும். வெட்டிய ஓலையை வேறெங்கும் அனுப்பாதீர்கள்.