சர்வரில் ஆபீஸ் போடுவதற்கு முன்

காஞ்சிபுரம்

அன்பு மருமகளுக்கு,

உத்திரமேரூர் மில் ஆபீஸில் சேர்ந்த கையோடு சர்வரையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுதானே" என்பார்கள். இனி பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள், பழகிக்கொள். நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். ஒரே சர்வரில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸைப் போட்டுவிட்டு, எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய் வேலை செய்தால் ஒரு லைசன்ஸ் போதாதா என்றாய்.

போதாது. உன் முதலாளி போதும் என்று நினைப்பதற்குக் காரணம் டேலியாக இருக்கும். நம் பக்கத்து ஆபீஸ்களில் காசு கொடுத்து முதலில் வாங்குகிற சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதுதான். சில்வர் என்றால் ஒருவர், கோல்ட் என்றால் அந்த ஆபீஸ் நெட்வொர்க்கில் எத்தனை பேர் வேண்டுமானாலும். அதில் பழகியவர் வேர்டும் எக்செலும் அப்படித்தான் என்று நினைப்பதில் தப்பில்லை. இப்படிச் சர்வரில் வைத்துப் பகிரும் ஆபீஸுக்கு மைக்ரோசாஃப்ட் போடும் கணக்கு வேறு. எத்தனை இடத்தில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. யார் திறக்கிறார்கள், எந்தக் கருவியிலிருந்து திறக்கிறார்கள் என்பதைத்தான் எண்ணும்.

ஆபீஸுக்கு முன்னால் சர்வரையே சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் சர்வருக்கு ஒரு லைசன்ஸ், அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிஏஎல் (கிளையன்ட் அக்சஸ் லைசன்ஸ்), ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதாவது ஆர்டிஎஸ், வழியாக நுழைய அதற்கு மேல் ஆர்டிஎஸ் சிஏஎல் என்று தனியாக ஒன்று. இதை வாங்காமலே உங்கள் சர்வர் இப்போது ஓடிக்கொண்டிருக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. ஆர்டிஎஸ் போட்ட நாளிலிருந்து 120 நாள் தவணை உண்டு. அது முடிந்த காலையில் ஒருவரும் உள்ளே போக முடியாது. நிர்வாக வேலைக்கென்று இரண்டு பேர் நுழைய மட்டும் எப்போதும் வழி இருக்கும். அந்த இரண்டில் உட்கார்ந்து பில் போடக் கூடாது.

சிஏஎல் ஆள் கணக்கிலும் வரும், கருவிக் கணக்கிலும் வரும். உங்களைப் போல டொமைன் இல்லாமல் வெறும் வொர்க்குரூப்பில் ஓடும் சின்ன ஆபீஸ் என்றால் கருவிக் கணக்கிலேயே வாங்கு. ஆள் கணக்கில் வாங்கிப் போட்டால் சர்வர் 2019 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிவிடும். லோடு ஏற்றும் நேரத்தில் பில் பாதியில் நின்றால் யாருக்குத் திட்டு விழும் என்று உனக்கே தெரியும். இன்னொன்று, சர்வர் 2022 வைத்துக்கொண்டு 2019 சிஏஎல் வாங்காதே, செல்லாது. புதிய சிஏஎல் பழைய சர்வருக்குப் பொருந்தும், பழையது புதியதற்குப் பொருந்தாது.

இனி ஆபீஸ். கடையில் டப்பாவிலோ லேப்டாப்போடு சேர்த்தோ வரும் ஆபீஸை ஆர்டிஎஸ் சர்வரில் போட்டால், டெர்மினல் சர்வீசஸ் ஓடும் கணினியில் இது ஓடாது, வால்யூம் லைசன்ஸ் பதிப்பு வேண்டும் என்று அதுவே சொல்லி நின்றுவிடும். ஆகவே உனக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்தான். ஒன்று, அந்த வால்யூம் லைசன்ஸ். அது கருவிக் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று அது கேட்பதில்லை, சர்வரில் உள்ள ஆபீஸை எட்டக்கூடிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு லைசன்ஸ் கேட்கும். மற்றது மைக்ரோசாஃப்ட் 365 சந்தா. அது ஆள் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். டீலர் முதலில் எடுத்து நீட்டுவது பிசினஸ் ஸ்டாண்டர்ட். அதில் வேர்ட், எக்செல் எல்லாம் இருக்கும், ஆனால் பலர் பகிரும் சர்வரில் ஓடுவதற்கான ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் இருக்காது. அது பிசினஸ் பிரீமியத்தில் உண்டு. ஆப்ஸ் ஃபார் என்டர்பிரைஸிலும், அது அடங்கிய ஈ3, ஈ5 திட்டங்களிலும் உண்டு. போடும்போதே அந்த வசதியை ஆன் செய்துவிடு. பிறகு ஒவ்வொருவரும் தன் ஐடியில் நுழைந்தால்தான் ஆபீஸ் திறக்கும். ஒரே ஐடியை நாலு பேருக்குக் கொடுத்து ஓட்டலாமே என்று உன் முதலாளி கேட்பார். கூடாது என்று சொல்லிவிடு.

உங்கள் ஆபீஸையே எண்ணிப் பார்ப்போம், நான் சொல்லும் எண்களை நீ திருத்திக்கொள். உள்ளே ஆறு கம்ப்யூட்டர். முதலாளி வீட்டிலிருந்து நுழையும் லேப்டாப் ஒன்று, அவர் போன் ஒன்று. ஆடிட்டர் ஆபீஸ் பையன் காஞ்சிபுரத்திலிருந்து நுழைவது ஒன்று. வே பிரிட்ஜ் கம்ப்யூட்டர் ஒன்று. ஆகப் பத்து கருவி. வே பிரிட்ஜில் இருப்பவர் வேர்டைத் திறந்ததே இல்லை என்பாய். அந்தக் கணினியிலிருந்து ஆபீஸை எட்டவே முடியாதபடி அடைத்தால் ஒழிய அதுவும் கணக்கில் வரும். முதலாளி போனில் ஒரே ஒருமுறை ஷீட்டைத் திறந்து பார்த்தாலும் அப்படியே.

இதையே ஆள் கணக்கில் போடு. ஆபீஸ் ஆட்கள் ஆறு, முதலாளி, ஆடிட்டர் பையன், ஆக எட்டு. வே பிரிட்ஜில் இருப்பவர் வேர்டைத் திறப்பதில்லை என்றால் இதில் வர மாட்டார். முதலாளி எத்தனை கருவி மாற்றினாலும் ஒருவர்தான். ஆனால் நவரை நெல் அறுவடை சமயத்தில் பில் போட இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள் இல்லையா? கருவிக் கணக்கில் அவர்கள் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தால் செலவே இல்லை. ஆள் கணக்கில் இரண்டு ஐடி கூட வேண்டும். அதை மாதச் சந்தாவாக எடுத்து, சீசன் முடிந்ததும் விட்டுவிடலாம். ஷிப்ட் மாறி மாறி ஒரே இடத்தில் உட்காரும் ஆபீஸுக்குக் கருவிக் கணக்கு லாபம். ஒரே ஆள் வீடு, மில், போன் என்று அலையும் ஆபீஸுக்கு ஆள் கணக்கு. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிஏஎல் கருவிக் கணக்கிலேயே இருக்கட்டும். ஆபீஸுக்கு என்னைக் கேட்டால் பிசினஸ் பிரீமியத்தைத்தான் சொல்வேன், எண்ணுவதும் பார்ப்பதும் சுலபம்.

குறுக்கு வழி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சாதாரண விண்டோஸில் ஆர்டிபி ராப்பர் போட்டுப் பத்துப் பேரை ஏற்றலாம் என்பார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு கீயை அழித்தால் 120 நாள் மறுபடி பிறக்கும் என்பார்கள். ஐந்நூறு ரூபாய்க்கு ஆயுட்கால கீ என்பார்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் ஓடுவது லைசன்ஸ் ஆகாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமையில்லாத பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. எனவே பில், ஒப்பந்த எண், எந்த லைசன்ஸ் யாருக்கு என்ற பட்டியல், இவற்றை ஒரே ஃபைலில் போட்டு வை. கணக்கு காட்டாமல் போனவனும் அவன் நெருங்கிய உறவினர்களும் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியில்லை என்று பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயிலில் கல்வெட்டாக வெட்டிவைத்த உத்திரமேரூரில் உட்கார்ந்திருக்கிற உனக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

செலவைக் கேட்டு முதலாளி முகம் சுளித்தால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. சர்வரில் போடு, எத்தனை பேர் திறந்தாலும் யாரும் எண்ண மாட்டார்கள். இது ஏழை ஆபீஸின் சமாளிப்பு என்று நினைக்காதே. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமே 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. லிப்ரே ஆபீஸ் அந்த ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்தது. ஆனால் ஒன்றை மறக்காதே. ஆபீஸ் செலவு போனாலும், சர்வர் விண்டோஸாக இருக்கும்வரை ஆர்டிஎஸ் சிஏஎல் செலவு போகாது.

மாற்றுவதற்கு முன் லாரி வாடகை ஷீட், கூலி ஷீட் இரண்டையும் லிப்ரே ஆபீஸில் திறந்து பார். யாரோ எப்போதோ எழுதிய மேக்ரோ இருந்தால் அங்கேதான் இடறும். அப்படி இடறினால், அந்த ஷீட்டைப் பார்ப்பவர் அநேகமாக ஒருவர்தான் இருப்பார். அவருக்கு மட்டும் ஒரு ஆபீஸ் வாங்கி அவர் மேசைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் கொடு. அதற்குக் கடையில் விற்கும் ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்பே போதும்.

அன்புடன்,
மாமா