உடன்கொண்டு செல்லும் பொருளின் பெறுமதி

மனிதர் தமக்குரியன என்று கொள்ளும் பொருள்கள் இருவகைப்படும். வீட்டிலே வைத்துக் காக்கப்படுவன ஒருவகை. மடியிலும் சட்டைப்பையிலும் இட்டு நாடோறும் உடன்கொண்டு செல்லப்படுவன மற்றொருவகை. காணியின் பெறுமதியை உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்வர். பெட்டகத்துப் பொன்னின் பெறுமதியைத் தட்டார் நிறுத்துச் சொல்வர். மடியிலுள்ள சிறு பொருளின் பெறுமதியைச் சொல்ல வல்லவர் அதனைக் கொண்டு திரிபவர் ஒருவரே. ஆயினும் அவருள்ளும் பலர் அதனைச் சிந்திப்பதில்லை. மாணாக்கரோ விலையே பெறுமதி என்று மயங்கி, விலையுயர்ந்த கைத்தொலைபேசி உடையவனை மதித்தும், தந்தையின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டி வருபவனை நகைத்தும் ஒழுகுகின்றனர். இம்மயக்கத்தை நீக்குதல் ஆசிரியர் கடனாதலின், ஆறாந் தரம் முதல் எட்டாந் தரம் வரையுள்ள மாணாக்கருக்கு ஏற்ற பொருட்பாடம் ஒன்றை ஈண்டு எழுதுகின்றாம்.

1. மூவகைப் பொருள்

எம் முன்னோர் உடன்கொண்டு சென்ற பொருள்கள் மிகச் சில. பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டி மடியிலே செருகப்பட்டிருக்கும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சில்லறைக் காசும் அதனுள் அடங்கும். பாக்குவெட்டி ஒன்று உடனிருக்கும். ஏடெழுதுவோர் ஓலை வாரும் கத்தியும் எழுதும் ஊசியும் ஒன்றாய் அமைந்த மடக்கெழுத்தாணியை வைத்திருந்தனர். சைவர் பலர் திருநீற்றுப் பையையும் பிரியாது வைத்திருந்தனர்.

இவற்றை ஆராயுமிடத்து, உடன்கொண்டு செல்லும் பொருள்கள் மூன்று வகையின என்பது புலப்படும். தொழில் செய்வன, ஆளைக் காட்டுவன, நினைவூட்டுவன என்பன அவை. பாக்குவெட்டியும் வீட்டுத் திறப்பும் தொழில் செய்வன. எழுத்தாணி தொழில் செய்வதோடு, தன்னை உடையவர் எழுத்தறிந்தவர் என்று காட்டவுஞ் செய்தது. திருநீற்றுப் பை நினைவூட்டுவது. ஒரு பொருளே இரு வகையினும் மூவகையினும் சேர்தலுங் கூடும்.

2. கொட்டியாரத்திலே பிடிபட்டவர்

இதற்கு எமது திரிகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவிலேயே தக்க உதாரணம் உண்டு. மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்ற யாம் இச்சரிதத்தை முதன்முதல் அங்கேயே கேட்டேம். ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1659 ஆம் ஆண்டின் இறுதியிலே புயலாற் பாய்மரம் சேதமுற்று, அதனைச் செப்பனிடும்பொருட்டுக் கொட்டியாரத்தை அடைந்தது. 1660 ஆம் ஆண்டிலே இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் புதல்வரான பத்தொன்பது வயதுடைய றொபேட் நொக்ஸ் என்பவரையும், கப்பலாட்கள் சிலரையும் பிடித்துக் கண்டி இராச்சியத்தினுள்ளே கொண்டுபோயினர். தலைவர் பிடிபட்ட இடமெனச் சொல்லப்படும் புளியமரம் மூதூரிலே நின்றது. அங்கே ஞாபகக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. தந்தையார் 1661 ஆம் ஆண்டிலே சுரத்தால் இறந்தார். மகனார் ஏறக்குறைய இருபது வருடம் சிறைப்பட்டிருந்து, 1679 ஆம் ஆண்டிலே தப்பி, தம் சரிதத்தை 1681 ஆம் ஆண்டிலே இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

அந்நூலிலே ஆசிரியர் கவனிக்கத்தக்க நிகழ்ச்சிகள் இரண்டு உள.

முதலாவது, புத்தகம் பெற்ற வரலாறு. நொக்ஸ் நூலினாற் தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். ஒருநாள் அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, வயோதிபர் ஒருவர் தம்மிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருப்பதாக அறிவித்தார். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்திலே அவர் கைக்கு வந்தது அது. பார்த்தபோது அது விவிலியமாயிருந்தது. நொக்சிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு வராகன். அதனையும் கொடுத்துவிட அவர் துணிந்தார். அவருடைய ஏவலாளாகிய சிறுவனோ, விருப்பத்தை வெளிக்காட்டாதிருந்தாற் குறைந்த விலைக்கே பெறலாம் என்று தடுத்தான். முடிவிலே பின்னிய தொப்பி ஒன்றுக்கு அப்புத்தகம் மாறப்பட்டது. வாசிக்க அறியாத வயோதிபருக்குத் தொப்பியே பெரிது. அவரை நாம் குறை கூறுதற்கில்லை. நொக்சுக்கு அது, தம் ஊரையும் மொழியையும் வழிபாட்டையும் மறவாதபடி நாடோறும் நினைவூட்டும் பொருளாயிற்று. விலை ஒன்று, பெறுமதி இரண்டு என்பதை மாணாக்கர் இங்கே கண்டுகொள்வர்.

இரண்டாவது, தப்பிய வரலாறு. நொக்சும் அவர் தோழரும் மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைப் பொதியாகச் சுமந்து, ஊரூராய்த் திரியும் வியாபாரிகள் போல வடக்கே நடந்தனர். இடையிலே அதிகாரி ஒருவர் விசாரித்தபோது, உலர்ந்த இறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லிப் பொதியைக் காட்டினர், அவர் ஐயுற்றிலர். அப்பொதியை விற்றுப் பெறும் இலாபம் சிறிது. அவர்களை இன்னார் என்று காட்டி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை மட்டும் கொண்டு சேர்த்ததே அதன் பெரும் பயன்.

3. எம் காலத்து அட்டை

ஆளைக் காட்டும் பொருள் எத்துணைப் பெறுமதியுடையது என்பதை இம்மாவட்டத்தார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இலங்கையிலே தேசிய அடையாள அட்டை 1972 ஆம் ஆண்டு தொடங்கி வழங்கப்படுகின்றது. 2009 ஆம் ஆண்டிலே முடிந்த யுத்தத்தின்போது, சோதனைச் சாவடியிலே அவ்வட்டை இல்லாதவர் பட்ட பாடு பெரிது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி கடல் பெருகியபோது உறவினரையும் வீட்டையும் இழந்தோர் பலர், தாம் இன்னார் என்று காட்டும் பத்திரங்களையும் இழந்து நின்றனர். 2006 ஆம் ஆண்டிலே சம்பூர்ப் பகுதியினின்றும் மக்கள் இடம்பெயர்ந்தனர். அத்தகைய காலங்களிலே காணியுறுதியும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இட்ட ஒரு சிறு பையே பலருக்குக் குடும்பத்தின் முழுச்சொத்துமாயிற்று. வீட்டிலே வைத்துக் காக்கப்படுவன என்று யாம் முதலிற் கூறிய பொருள்கள் ஒருநாளில் நீங்கிவிடலாம். அப்போது எஞ்சுவது உடன்கொண்டு சென்றதே.

4. திருநீற்றுப் பை

இனி நினைவூட்டும் பொருள். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) சைவ வினாவிடையிலே விபூதிக்கும் உருத்திராக்கத்துக்கும் தனித்தனி வினாக்கள் அமைத்தமை, அவற்றை அணியும் பிள்ளை அவற்றின் பொருளையும் அறிதல் வேண்டும் என்னும் கருத்தினாலேயாம். யாழ்ப்பாணத்திலே ஒரு மிஷன் பாடசாலை, திருநீறணிந்து வந்த சைவ மாணாக்கரை விலக்கியபோது, அவரவர்கள் 1872 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தாபித்தார்கள். ஒரு சிட்டிகை நீற்றுக்காக ஒரு பாடசாலை எழுந்தது என்க.

ஆயினும் ஒன்று கூறுவாம். சுமத்தல் வேறு, பேணுதல் வேறு. நாடோறும் மடியிலிருந்தும் திறக்கப்படாத திருநீற்றுப் பை வெறுந் துணியே. நொக்ஸ் தாம் பெற்ற நூலை வாசித்தமையாலன்றோ அது அவருக்குப் பெறுமதியாயிற்று? மேலும், தன் பொருளின் அருமை அறிந்த பிள்ளை பிறர் பொருளை இகழான். மூதூர் முஸ்லிமின் தஸ்பீகு மணியும், கத்தோலிக்கரின் செபமாலையும் அவரவர்க்கு நினைவூட்டுவனவே. இதனை உணர்த்தாது உருத்திராக்கத்தின் பெருமையை மாத்திரம் உணர்த்துதல் அரைப் பாடமாய் முடியும்.

5. பாடம் நடத்தும் முறை

முதலிலே ஆசிரியர் தாம் நாடோறும் கொண்டு வரும் பொருள் ஒன்றை மேசைமேல் வைத்து, அது எவ்வகையினது என்று வினாவுக. பின்னர், விரும்பும் மாணாக்கர் தத்தம் பொருளை வைப்பாராக. விலையை ஒருவரும் கூறலாகாது என்பது இப்பாடத்தின் விதி. பிள்ளைகளின் பையை ஆசிரியர் சோதித்தல் தகாது. போரிலேனும் கடலிலேனும் பொருளையும் சுற்றத்தையும் இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பர். அவர் வாய் திறவாராயின் வற்புறுத்தற்க. ஒன்றும் கொண்டுவராத பிள்ளையைக் கரும்பலகையில் எழுதுமாறு அழைத்து, அப்பிள்ளைக்கும் பாடத்திலே பங்கு கொடுக்க. நொக்சின் சரிதத்தைப் படத்திலே வழிகாட்டிச் சொல்லுக: கொட்டியாரம், கண்டி இராச்சியம், அநுராதபுரம், அரிப்பு.

வினாக்கள்

1. உடன்கொண்டு செல்லும் பொருள்கள் எத்தனை வகைப்படும்? ஒவ்வொன்றுக்கும் உன் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறுக.
2. வயோதிபருக்குத் தொப்பியும் நொக்சுக்குப் புத்தகமும் பெரிதாயினமை எதனால்?
3. நொக்சின் பொதி எவ்விரு வகையினும் சேரும்?
4. சடுதியாக வீட்டைவிட்டுச் செல்ல நேரின், நீ எடுக்கும் பொருள் யாது? ஏன்?

நான்காம் வினாவுக்குப் புள்ளி இடற்க. விடையை மாத்திரம் செவிமடுக்க. பிள்ளை எதனை அரிதெனக் கொண்டுள்ளது என்பதை ஆசிரியர் அறிவதற்கு அவ்விடை வழியாகும்.